பின்பக்கம் பார்க்கிறவர்

போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பாத்திரக் கடையில் குத்துவிளக்கைத் தலைகீழாகப் பிடித்து அதன் அடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரர், "விலை அங்க இல்லக்கா, மேல ஸ்டிக்கர்ல இருக்கு" என்றார்.

"விலை பாக்கல லா. அடியைப் பாக்குறேன்."

"விளக்கு ஏத்தினா அடியை யாரு பாக்கப் போறா?"

நியாயமான கேள்விதான். யாரும் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் திருப்பிப் பார்க்காமல் என்னால் ஒரு பொருளை வாங்க முடியாது. சட்டை வாங்கினால் உள்பக்கத் தையல், மீன் வாங்கினால் மறுபக்கம், தோசை வந்தால் அதன் அடி. என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். இந்த வியாதியை என் தலையில் கட்டிவிட்டுப் போனவர் ஒரு அக்கா. பெயர் வேண்டாம். அவரைப் பற்றி நாலு பேர் பேசுவது அவருக்குப் பிடிக்காது.

பெட்டாலிங் ஜெயாவில் பள்ளிக்கூட நாற்காலி செய்யும் தொழிற்சாலையில் ரெண்டு பேரும் வேலை பார்த்தோம். நான் தரம் பார்க்கிற வேலை. அக்கா நாற்காலிக் கால்களுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். வெறும் பெயிண்ட் அடிப்பு இல்லை, மின்சாரம் ஏற்றி அடிப்பது. சாதாரணமாக அடித்தால் பெயிண்ட் பீய்ச்சும் கன் பார்க்கிற பக்கம்தான் நிறமாகும். இதில் பெயிண்ட் துளிக்கு மின்சாரம் ஏற்றி அனுப்புவார்கள். இரும்பு அதைத் தன் பக்கம் இழுக்கும். நேராகப் போன துளி வளைந்து, குழாயின் பின்பக்கத்தையும் போய்ப் பிடித்துக்கொள்ளும். முதல் நாள் பார்த்தபோது எனக்கு ஏதோ கண்கட்டு வித்தை மாதிரி இருந்தது. ஆள் முன்னால் நின்று அடிக்கிறார், பின்னால் நிறம் ஏறுகிறது.

இதற்கெல்லாம் மீட்டரில் எண் அறுபதில் நிற்க வேண்டும். அது இறங்கிவிட்டால் வருகிற சிக்கல் வேடிக்கையானது. பெயிண்ட் ஒழுங்காக வரும். சத்தம் மாறாது. முன்பக்கம் பளபளவென்று இருக்கும். பின்பக்கம் மட்டும் வெறும் இரும்பாக நிற்கும். எல்லாம் நடக்கிற மாதிரி இருக்கும், ஒட்டாது.

அதனால் அக்கா மீட்டரை நம்பி மட்டும் வேலை செய்ய மாட்டார். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு நாற்காலியைக் கொக்கியோடு திருப்பி, கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, பின்னங்காலின் உள்வளைவைப் பார்ப்பார். "முன்பக்கம் எல்லாருக்கும் சிரிக்கும். பின்னாடி பாரு" என்பார். வேலைக்கு என்று சொன்னது எப்போது வாழ்க்கைக்கு என்று ஆனது, தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுத்தால் முதலில் பின்னட்டையைப் படிப்பார். புதுச் சேலை காட்டினால் மடிப்பைப் பிரித்து முந்தானையின் மறுபக்கத்தைப் பார்ப்பார், "நூலு தொங்குது" என்பார். புதுச் சேலை வாங்கி வந்தவளுக்கு இதைவிட என்ன வேண்டும்?

மனிதர்களிடமும் அதே கணக்குதான். எனக்கு மாப்பிள்ளை பேசியிருந்த சமயம். ஒரு நாள் அவர் என்னைக் கூட்டிப்போகத் தொழிற்சாலை வாசலுக்கு வந்திருந்தார். அக்கா அவரிடம் நன்றாகப் பேசினார், ஊர் கேட்டார், வேலை கேட்டார். பிறகு, "தம்பி, அந்தக் கடையில ஒரு தண்ணி போத்தல் வாங்கிட்டு வாங்களேன்" என்று அனுப்பினார். அவர் சாலையைக் கடக்கும்வரை பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே நின்றார். அக்காவின் கையில் அவருடைய சொந்தத் தண்ணீர் போத்தல் நிறைந்திருந்தது.

"பரவால்ல, கட்டிக்க" என்றார்.

"முதுகப் பாத்து என்னக்கா தெரியும்?"

"பேசுறப்ப மூஞ்சி சொன்ன பேச்சுக் கேக்கும். பேசி முடிச்சிட்டுத் திரும்பிப் போறப்ப பாரு. மனசுல இல்லாதத சொன்னவன் முதுகு ஒரு மாதிரி அவசரப்படும். ஓடி ஒளியப் பாக்கும். இவரு சும்மா நடந்து போறாரு."

கட்டிக்கொண்டேன். இன்றுவரை பெரிதாகக் குறை சொல்ல ஒன்றும் அமையவில்லை. அதுவும் ஒரு எரிச்சல்தான்.

முன்பெல்லாம் அங்கே தின்னர் கலந்த பெயிண்ட். நெடி தாங்காது, நெருப்புப் பயம் வேறு. பாஸ் தண்ணீர் பெயிண்டுக்கு மாற்றினார். நெடி போனது, அக்காவுக்கு வேலை கூடியது. தண்ணீரில் மின்சாரம் ஓடும் இல்லையா? கன்னில் ஏற்றுகிற மின்சாரம் ஹோஸ் வழியாகப் பெயிண்ட் டிரம் வரைக்கும் வந்துவிடும். டிரம்மோ பம்போ ஹோஸோ, எந்த இடத்தில் தரையோடு தொடர்பு கிடைத்தாலும் அந்த வழியாக இறங்கி ஓடிவிடும். அதனால் டிரம்மை நாலு தடித்த வெள்ளை பிளாஸ்டிக் கால் வைத்த மேடையில் ஏற்றி, சுற்றிக் கம்பி வேலி அடைத்திருந்தார்கள். வேலிக் கதவைத் திறந்தால், அக்கா முதலில் நீளக் கம்பி ஒன்றால் டிரம்மைத் தொட்டு மிச்ச மின்சாரத்தைத் தரையில் இறக்குவார். 'டப்' என்று ஒரு சத்தம் வரும். அதற்குப் பிறகுதான் கை வைப்பார்.

எண் இறங்கினால் அவருடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். "ஒன்னு ஒன்னா கழட்டு. ரெண்ட ஒரே நேரத்துல தொட்டா, எது குத்தவாளின்னு கடைசி வரைக்கும் தெரியாது." கன்னிலிருந்து ஹோஸைக் கழற்றுவார், எண்ணைப் பார்ப்பார். மறுபடி மாட்டுவார். ஹோஸை டிரம்மிலிருந்து கழற்றி நைலான் கயிற்றில் தொங்கவிடுவார், எண்ணைப் பார்ப்பார். யார் அவசரப்படுத்தினாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். ஒருமுறை ஹோஸ் வேலியில் உரசி ஊசி முனை அளவு ஓட்டை விழுந்திருந்ததை அப்படித்தான் பிடித்தார்.

அவருக்கு ஒரே மகன். புருஷன் செத்துப்போனாரா விட்டுப்போனாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. கேரி தீவில் எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில் பிறந்தவர், மகனைத் தூக்கிக்கொண்டு கிள்ளானுக்கு வந்து வாடகை ஃப்ளாட்டில் இருந்தார். தொழிற்சாலை பஸ்ஸில் வருவார், போவார்.

ஒரு நாள் காலையில் கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். கண்ணாடி இல்லாமல் பின்னங்கால் தெரியாது. மகனுக்குப் போன் போட்டு எடுத்து வரச் சொன்னார். பையன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து வாசலில் செக்யூரிட்டி கார்டிடம் கொடுத்துவிட்டுப் போனான். அக்கா கையில் கன்னோடு நின்றிருந்ததால் வெளியே போகவில்லை. கண்ணாடி உள்ளே வந்தது, மாட்டிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். திரும்பிப் போகும் வழியில் ஃபெடரல் ஹைவேயில் ஒரு லோரி.

போன் தொழிற்சாலைக்குத்தான் வந்தது. நான் கூடப் போனேன். மருத்துவமனையில் சவக்கிடங்கில் துணியை விலக்கிக் காட்டினார்கள். முன்பக்கம் ஒரு கீறல் இல்லை. தூங்குகிற மாதிரி என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தான். அக்கா கொஞ்ச நேரம் பார்த்தார்.

"திருப்புங்க" என்றார்.

அங்கிருந்த ஊழியர் என்னைப் பார்த்தார். அக்கா இன்னொரு முறை சொன்னார். திருப்பினார்கள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அக்கா கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கிப் பார்த்தார். பிறகு, "சரி, நேரா வச்சிருங்க" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. நானும் அழவில்லை. எனக்கு அன்று ஒன்றுமே தோன்றவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் இருக்குமே, அப்படி இருந்தது. வெளியே வந்து ரெண்டு பேரும் மைலோ குடித்தோம். அது சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா என்றுகூட நினைவில்லை.

கருமகிரியை முடிந்த மறுநாளே வேலைக்கு வந்துவிட்டார். எல்லாரும் அவர் அழுவார் என்று காத்திருந்தார்கள். அழவில்லை. அதே நேரத்தில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தார், அதே நேரத்தில் கை கழுவினார். பின்னங்காலைத் திருப்பிப் பார்த்தார். ஒரு நாள் சாப்பிடும்போது தானாகவே சொன்னார்.

"அவன் ஹெல்மெட்ட எடுத்துக் குடுத்துட்டேன். போன வாரம் சப்பாத்து. இந்த வாரம் சட்டையெல்லாம். ஒன்னு ஒன்னா எடுத்துப் பாக்குறேன், எத எடுத்தா அழுகை வரும்னு."

"வந்துச்சாக்கா?"

"வரல."

பொட்டலத்தை மடித்துக்கொண்டே, சாம்பலைத் துப்புகிற மாதிரி, "அன்னிக்கு அவன் போறப்ப நான் பாக்கல. கார்டுதான் பாத்தாரு" என்றார். அந்த நாளைப் பற்றி அவர் அதுவரை வாய் திறந்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் தொழிற்சாலையில் பாஸ் சீனர்தான், ஆனால் பூஜைக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டார். வருஷா வருஷம் பெயிண்ட் பகுதிக்கு அக்காதான் சந்தனம், குங்குமம் வைப்பார். எங்கே வைக்கலாம், எங்கே கூடாது என்று அவருக்கு ஒரு கணக்கு உண்டு. பெயிண்ட் அடிக்கிற பூத்தின் இரும்புத் தூண், வேலிக் கதவு, பம்ப் சுவிட்சுப் பெட்டி. அதோடு சரி. யாரும் ஏன் என்று கேட்டதில்லை. அவரும் விளக்கியதில்லை.

அந்த வருஷம் சூப்பர்வைசர் அண்ணன் குறுக்கே வந்தார். நல்ல மனுஷன்தான், பக்தி கொஞ்சம் ஜாஸ்தி.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. இன்னும் வருஷம் திரும்பல. நீங்க தள்ளி நின்னுக்குங்க, நான் பாத்துக்குறேன்."

அக்கா ஃபோர்க்லிஃப்ட் நிற்கிற இடத்துக்குப் போய் நின்றுகொண்டார். அண்ணன் சந்தனத்தைப் பன்னீரில் குழைத்து, விபூதியைக் கரைத்து, ஒரு இடம் விடாமல் பட்டை போட்டார். மாலை, சூடம், பூசணிக்காய், எல்லாம் தடபுடல். அக்கா தூரத்திலிருந்து கையைக் கட்டிக்கொண்டு பார்த்தார்.

விடுமுறை முடிந்து லைனை ஓட்டினால் எண் முப்பதைத் தாண்டவில்லை. காலையில் இன்னும் மோசம், மழை பெய்தால் அதைவிட மோசம். நாற்காலியின் பின்னங்கால்கள் வெறும் இரும்பாக வந்தன. நான் ஒவ்வொன்றாகச் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்பினேன். கன் விற்ற கம்பெனியிலிருந்து ஒரு டெக்னீஷியன் வந்தார். கன்னைத் தனியாகக் கழற்றிச் சோதித்து, கன் நன்றாகத்தான் இருக்கிறது, கசிவு டிரம் பக்கம்தான், எல்லாவற்றையும் துடையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவை டிரம் பக்கம் விடாமல், அண்ணனே ஆள் வைத்துத் துடைத்தார். எண் ஏறவில்லை.

பிறகுதான் அந்தப் பேச்சு ஆரம்பித்தது. பூஜை அன்று துக்கக்காரி பார்வை பட்டுவிட்டது என்று. முதலில் கேன்டீனில் குசுகுசுத்தார்கள், அப்புறம் சத்தமாகவே சொன்னார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அக்கா லீவில் இருந்த நாளிலும் எண் ஏறவில்லையே என்று அண்ணனிடம் நேராகவே கேட்டேன்.

"பட்டது பட்டதுதான்மா" என்றார்.

இவரோடு எந்தக் கோர்ட்டில் வாதாடுவது? பாஸிடம் அவர் என்ன சொன்னாரோ, மாதம் பிறந்ததும் அக்காவை பேக்கிங்குக்கு மாற்றுவதாக முடிவாகிவிட்டது. வயசாச்சு, கண் தெரியவில்லை என்று காரணம்.

அக்கா அதையும் கேட்டுக்கொண்டார். என்னிடம் மட்டும், "வீட்டுல உக்காந்தா செவுரு. பேக்கிங்ல உக்காந்தா அட்டைப்பெட்டி. இங்கதான் லா எண்ணு பாக்கணும், பின்னாடி பாக்கணும், தல ஓடிக்கிட்டு இருக்கு. இதுவும் நின்னுட்டா நான் என்ன பண்ணுவேன்னு தெரியல" என்றார். பிறகு ரொம்பச் சாதாரணமாக, "அவங்க சொல்றதும் சரியா இருக்குமோ என்னமோ. நான் தொட்டது எதுதான் வெளங்குச்சு?" என்றார்.

மாதம் பிறக்க இரண்டொரு நாள்தான் பாக்கி. நல்ல மழை, எல்லாரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"வா, மீட்டர் பக்கத்துல நில்லு. நான் கேக்குறப்ப சொல்லு."

ஒவ்வொன்றையும் கழற்றுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, கம்பியால் தொட்டு இறக்கினார். பிறகு கழற்றி, வெளியே வந்து, சுவிட்சைப் போட்டார்.

"ஹோஸ் இல்லாம எவ்ளோ?"

"அறுபதுக்கா."

"மாட்டியாச்சு. இப்ப?"

"இருபத்தஞ்சு."

"டிரம்ம விட்டுட்டு ஹோஸ் மட்டும் கயித்துல தொங்குது. இப்ப?"

"அறுபது."

ஆக, ஹோஸும் குற்றவாளி இல்லை. பம்பைக் கழற்றினார், எண் ஏறவில்லை. பம்பும் இல்லை. கடைசியில் மேடை மட்டும்தான் பாக்கி. நாலு வெள்ளைக் கால்கள். முன்னாலிருந்து பார்த்தால் துடைத்து வைத்த பீங்கான் மாதிரி சுத்தமாக இருந்தன. அக்கா கம்பியால் இன்னொரு தடவை தொட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வேலிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து, தரையில் உட்கார்ந்தார்.

"அக்கா?"

"இங்க வந்து பாரு."

எட்டிப் பார்த்தேன். கால்களின் பின்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், சந்தனமும் விபூதியும் அப்படியே இருந்தன. அண்ணன் தூணுக்குப் போடுகிற மாதிரி காலைச் சுற்றிப் பட்டை போட்டிருக்கிறார். பன்னீர் தண்ணியாக இருந்ததால் அது ஒழுகி, மேலிருந்து கீழ்வரை கோடாக இறங்கிக் காய்ந்திருந்தது. துடைத்த ஆள் முன்பக்கம் மட்டும் துடைத்திருக்கிறார். காற்றில் ஈரம் ஏற ஏற அந்தக் கோடு வழியாக மின்சாரம் நிம்மதியாகத் தரைக்குப் போய்க்கொண்டிருந்தது.

அக்கா துணியை நனைத்துத் துடைத்தார். நாலு கால்களையும் முழுக்கத் துடைத்து, காய்ந்த துணியால் மறுபடி துடைத்து, எல்லாவற்றையும் பழையபடி மாட்டினார்.

"இப்ப?"

அறுபது. மழைச் சத்தத்தைத் தாண்டிக் கத்திச் சொன்னேன். அக்கா ஒரு நாற்காலியை மாட்டி அடித்தார். திருப்பிப் பார்த்தார். பின்னங்காலின் உள்வளைவு வரை நிறம் பிடித்திருந்தது.

"நான் இல்ல" என்றார். என்னிடம் சொல்லவில்லை, நாற்காலியிடம் சொன்னார்.

அண்ணனை உண்டு இல்லை என்று பண்ணிவிடலாம் என்று நான் துடித்துக்கொண்டிருந்தேன். அக்கா அந்த மஞ்சள் துணியைக் குப்பையில் போடவில்லை. சாமிக்கு வைத்த சந்தனம் என்று அலசி, அந்தத் தண்ணீரைக் கார்டு போஸ்டுக்குப் பின்னால் இருக்கும் மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தார். பாஸ் வந்து என்ன பிரச்சினை என்று மலாயில் கேட்டபோது, "கோத்தோர் சாஜா, பாஸ்" என்றார். வெறும் அழுக்குத்தான். பாஸ் மீட்டரைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், பேக்கிங் பேச்சு அதோடு போயிற்று. பின்னால் நின்ற அண்ணன் ஈரக் கால்களையும் அக்காவின் கையையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். அடுத்த வருஷம் சந்தனக் கிண்ணத்தை அவராகவே அக்கா கையில் கொடுத்தார்.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம்தான் அக்கா அங்கே இருந்தார். பிறகு கேரி தீவில் தம்பி வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. நான் போய்ப் பார்த்ததில்லை. போகாததற்குக் காரணம், எண் அறுபதுக்கு ஏறிய அன்று சாயங்காலம் நடந்ததுதான்.

வேலை முடிந்து வாசலில் நின்றோம். மழை விட்டிருந்தது. அவருக்குக் கிள்ளான் பஸ் வர நேரம் இருந்தது, எனக்கு எல்.ஆர்.டி. ரயில் நிலையத்துக்கு நடக்க வேண்டும். போய்ட்டு வரேன்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"மிஷினுக்கு நான் இல்லன்னு கழட்டிப் பாத்துத் தெரிஞ்சிருச்சு. அன்னிக்கு, அவனுக்கும்... நான் இல்லதானே?"

அந்தக் கண்ணாடிதான். அதைத்தான் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீங்க இல்லக்கா" என்றேன். உடனே சொன்னேன், முகத்தைப் பார்த்துச் சொன்னேன். என்னால் முடிந்த அளவு நன்றாகத்தான் சொன்னேன்.

அக்கா தலையாட்டினார். கண்ணாடியை மாட்டி, மூக்கின் நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"சரி, நீ கெளம்பு" என்றார்.

திரும்பி நடந்தேன். அவர் பார்க்கிறார் என்று தெரியும். மெதுவாக நடக்க வேண்டும், சும்மா நடக்கிற மாதிரி நடக்க வேண்டும் என்று ஒவ்வொரு அடிக்கும் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. வளைவு வருவதற்குள் நான் கிட்டத்தட்ட ஓடிக்கொண்டிருந்தேன்.